பழைய பட்டையும் புதுப் பட்டையும்

மலையடிவாரத்தில் ஒரு ஜீப் இருந்தது. மேலே இருக்கும் குடியிருப்புக்குக் கோடையில் தண்ணீர்த் தொட்டியை இழுத்துப் போவது அதன் வேலை. தொட்டியை மாட்டியதும் ஜீப்பின் பின்பக்கம் அமுங்கிவிடும், முன்சக்கரங்களுக்குத் தரையில் பிடிப்பு இருக்காது. ஒருநாள் வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பியும் அது திரும்பாமல் பள்ளத்தின் ஓரத்தில் போய் நின்றது. தண்ணீரையெல்லாம் திறந்துவிட்டுத்தான் தப்பித்து இறங்கியது.

மறுநாள் பட்டறையில், பின்சக்கரத்தில் பாரம் தாங்கும் ஸ்பிரிங் பட்டைக்குக் கீழே கொஞ்சம் இடைவெளி விட்டுத் தடித்த புதுப் பட்டை ஒன்றைப் பொருத்தினார்கள்.

"இத்தனை வருஷம் தாங்கினது நான். இப்போ என் இடத்துக்கு ஆள் வந்தாச்சா?" என்று பழைய பட்டை முறைத்தது.

"உன் இடம் உனக்குத்தான். பாரம் ஏறி, நீ வளைஞ்சு என்னைத் தொட்டா மட்டும் முட்டுக் கொடுப்பேன்," என்றது புதுசு.

மறுபடி தொட்டியோடு ஏறியபோது, பழைய பட்டை புதுசைத் தொடவே கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டு விறைத்து நின்றது. தனியாகத் தாங்க முடியாமல் அதன் உடம்பெல்லாம் கிறீச்சிட்டது, பின்பக்கம் அமுங்கத் தொடங்கியது. அதே வளைவு வந்தது.

"அண்ணே, முன்சக்கரம் மிதக்குது! மேலே ஜனங்க குடத்தோட நிக்கிறாங்க!" என்று ஜீப் கதறியது.

பழைய பட்டை விறைப்பைத் தளர்த்தி வளைந்தது. புதுசு உடனே கீழிருந்து முட்டுக் கொடுத்துப் பாரத்தை வாங்கிக்கொண்டது; பின்பக்கம் நிமிர்ந்தது. முன்சக்கரங்கள் மண்ணைக் கவ்வின. ஜீப் திரும்பியது.

தொட்டி காலியாகி இறங்கும்போது இரண்டுக்கும் நடுவில் மறுபடி இடைவெளி விழுந்தது.

"இருக்கியா?" என்று கேட்டது பழைய பட்டை.

"இங்கேதான் இருக்கேன்."