முதல் ஆட்டத்துப் படம்

ஆறாவது படம்.

அவள் எழுதிக்கொண்டாள். அடியில் கோடு போட்டாள். மேலே இருந்த ஐந்தையும் மறுபடி படித்தாள்.

பாம்புப் படம். சண்டைப் படம். அண்ணன் தங்கை படம். சாமி படம். கலர்ப் படம். இப்போது, இரட்டை வேடப் படம்.

ஆறும் ஒரே கொட்டகையில், ஒரே நாளில், ஒரே பகல் ஆட்டத்தில் ஓடியிருந்தன.

கேட்ட விதம்தான் தவறோ என்று நினைத்தாள்.

கனகவேல் டாக்கீஸுக்கு இன்று ஐம்பது வயது. ஆறரை மணிக்கு ஊருக்கே இலவசக் காட்சி. அதற்கு முன்னால், பழைய வழக்கப்படி திரையில் ஒரு சிலைடு: ‘இங்கே ஓடிய முதல் ஆட்டத்துப் படம்.’ கீழே பெயர். பழைய பதிவேட்டைக் கரையான் தின்றுவிட்டது. மாலைக் கல்லூரியில் படிக்கிற பெண், கையெழுத்து அழகு, நாலு பேரைக் கேட்டு எழுதிவிடுவாள் என்று மானேஜர் வேலையை அவளிடம் விட்டிருந்தார்.

மிஞ்சியிருந்தது ஒரே ஒரு சிலைடுக் கண்ணாடி.

மேல் வரியை எழுதிவிட்டாள். மை காய்ந்துவிட்டது. கீழே காலி.

மணி ஐந்தரை. தப்பாக எழுதினால் ஊரே பார்க்கும்.

“பாம்புப் படந்தான்,” என்றார் சீனியம்மாள். இடைவேளையில் முறுக்கு விற்றவர். “அது தலையத் தூக்கவும், நான் தட்டையே கீழ போட்டுட்டேன்.”

“ஏக்கா, பாம்பு எங்க வந்துச்சு? சண்டைப் படங்க்கா அது. முதல் விசிலு நான் அடிச்சது,” என்றார் டெய்லர் மைதீன்.

“அன்னைக்கு ஒனக்கு முன்பல்லே கெடையாது. இதுல விசிலாம்!”

படத்தின் பெயர் என்ன என்று கேட்டாள்.

“பேரையெல்லாம் யாரு பாத்தா? சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சது ஞாபகம் இருக்கு,” என்றார் சீனியம்மாள்.

பாம்புப் படத்தில் எதற்குச் சிரித்தார் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

இருவரும் சண்டையோடே உள்ளே போனார்கள்.

அதற்காகவே காத்திருந்தவர் போல, படிக்குக் கீழே சைக்கிளோடு நின்ற பெரியவர் கூப்பிட்டார்.

“தாயி. பேர எழுதிட்டியா?”

இல்லை என்று தலையசைத்தாள். அவர் படி ஏறவில்லை. அவள்தான் இறங்கினாள்.

ஜெபமணி. அந்தக் காலத்தில் படப் பெட்டி சுமந்தவர். இரண்டு ஊருக்கு ஒரே படம். பக்கத்து ஊரில் முதல் பாதி ஓடி முடிந்ததும் அந்தப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு இங்கே வர வேண்டும். இரண்டாம் பாதியைப் பின்னால் வேறொருவர் கொண்டுவருவார்.

“எடவேளையில பெட்டியக் கையில குடுத்துட்டாங்க. மடியிலதான் வச்சிருக்கேன். மீதிக் கதை தெரியாம எப்பிடித் தாயி சைக்கிள எடுக்குறது?”

உட்கார்ந்துவிட்டார். கடைசி வரைக்கும்.

அவர் பெட்டியோடு வந்து சேர்ந்தபோது பகல் ஆட்டத்து நேரமே முடிந்திருந்தது. வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்.

ஒருவரும் எழுந்து போகவில்லை.

ஆப்பரேட்டர் வெறும் வெளிச்சத்தைத் திரையில் அடித்துவிட்டிருந்தார். இசைத்தட்டு பாடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் பெஞ்சில் ஏறி நின்று கையால் நிழல் காட்டினார்கள். கொக்கு. மான். பாம்பு. இரண்டு முஷ்டிகள் முட்டிக்கொண்டன. கொட்டகை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.

“அவங்க சிரிக்கச் சிரிக்க நான் பின்னாலயே நகந்தேன். பெட்டிய வாசல்ல வச்சவன்தான். இந்தப் படிய மிதிக்கல.”

“அம்பது வருசமாவா?”

“யாராச்சும் கேட்டுட்டா?”

பேனாவைத் திறந்தாள். அந்தப் பெட்டியில் இருந்தது என்ன படம்?

ஜெபமணி கண்ணை மூடினார்.

“கடைசில சேந்துருவாங்க.”

அவ்வளவுதான்.

“எம் பேர மட்டும் போட்டுறாத தாயி.”

அவள் நோட்டைப் பார்த்தாள். கண்ணாடியைப் பார்த்தாள். எழுதுவதற்கு முன் மூன்று முறை சரிபார்ப்பது அவள் பழக்கம். சரிபார்த்தாள்.

பேனாவை மூடினாள்.

“உள்ள வாங்கய்யா. கடைசி வரிசையில எடம் இருக்கு.”

அவர் முதல் படியில் காலை வைத்தார். எடுத்தார். சுற்றிலும் பார்த்தார். மறுபடி வைத்தார்.

ஆறரை. விளக்குகள் அணைந்தன.

‘இங்கே ஓடிய முதல் ஆட்டத்துப் படம்.’

அதற்குக் கீழே, திரை முழுக்க வெள்ளை வெளிச்சம்.

கொட்டகை கப்பென்று அடங்கியது. மானேஜர் இருட்டில் திரும்பி அவளைத் தேடினார். அவளுக்குக் காது சுட்டது. ஒரு வார்த்தையாவது எழுதியிருக்கலாமோ?

கடைசி வரிசையிலிருந்து ஒரு கை மேலே எழுந்தது. வெளிச்சத்துக்குள் வந்தது. விரல்கள் சேர்ந்து குவிந்தன.

திரையில் ஒரு பாம்பு தலை தூக்கியது.

“நான் சொல்லல!” சீனியம்மாள் எழுந்தே விட்டார்.

நடுவிலிருந்து இரண்டு முஷ்டிகள் கிளம்பின. மைதீன்தான். விசில் பறந்தது. பிறகு எங்கிருந்தோ ஒரு கொக்கு. ஒரு மான். கைகள், கைகள்.

சிலைடை எடுக்க ஆப்பரேட்டருக்கு மனம் வரவில்லை.

அவள் அந்த வெளிச்சத்தில் நோட்டைத் திறந்தாள். கேள்விக்குறியை அடித்தாள். பாம்புப் படத்துக்கு நேராக ‘சரி’ என்று எழுதினாள். சண்டைப் படத்துக்கும் எழுதினாள்.

மற்ற நான்கையும் ஒருமுறை பார்த்தாள்.

பேனாவைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு, திரையைப் பார்க்க ஆரம்பித்தாள்.