பக்கத்து அறை அண்ணன்

லிஃப்டின் கூரைமேல் உட்கார்ந்து பழுது பார்த்துக்கொண்டிருந்தபோது அவருக்கு அந்தச் செய்தி வந்தது.

‘அண்ணா, முடிவு பண்ணிட்டேன். இப்பவே சந்தைக்குக் கிளம்புறேன். அக்கரைக்காரங்க இனி ஜென்மத்துக்கும் மறக்க மாட்டாங்க.’

அனுப்பியவன் அவருடைய மகன். அவன் அண்ணா என்று கூப்பிட்டது அவரைத்தான். அதை அவர் அவனிடம் சொன்னதில்லை.

கிரீஸ் கையோடு வீட்டுக்கு ஓடினார்.

வேலை போய் இரண்டு வருடமாகச் சும்மா இருந்தவனை அவர் ‘தண்டச்சோறு’ என்று சொல்லியிருக்கிறார். ஒருமுறை அல்ல. கைப்பேசியில் ஒரு குழு அவனைத் ‘தம்பி’ என்றது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் வந்துதான் உன் பிழைப்பில் மண் விழுந்தது என்றது. நேரில் கேட்டால் அவன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டான்.

போலீசுக்குச் சொல்லப் பெற்ற மனம் கேட்கவில்லை. பொய்ப்பெயரில் அவரும் அந்தக் குழுவில் சேர்ந்தார். பேசிப் பேசியே மகனை மீட்டுவிடலாம் என்ற நப்பாசை.

முதலில் நல்லதாக நாலு வார்த்தை எழுதினார். ஒருவரும் சீண்டவில்லை.

ஒருநாள் அக்கரைக்காரர்களைத் திட்டி ஒரு வரி போட்டார். அரை நிமிடத்தில் மகனிடமிருந்து தனிச்செய்தி: ‘சரியாச் சொன்னீங்கண்ணா.’

இரண்டு வருடத்தில் அவன் அவரிடம் ஆசையாகப் பேசிய முதல் வார்த்தை.

அதை இழக்க முடியவில்லை. திட்டுவதில் நாளுக்கு ஒரு படி ஏறினார். மெல்லத் திருப்பிவிடலாம், இன்னும் கொஞ்சம் நம்பட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சில வரிகளுக்கு அவர் யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. தானாக வந்து விழுந்தன.

ஐந்தாவது மாடிக்கு மூச்சிரைக்க ஏறினார்.

மகன் கூடத்தில் உட்கார்ந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் பை.

கதவைப் பூட்டிச் சாவியை ஜன்னல் வழியே வெளியே வீசினார். பையைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். உள்ளே கத்திகள் உரசிக்கொண்டன.

“நான்தான்டா அது! அந்த அண்ணன் நான்தான். எழுதினது அத்தனையும் பொய்டா, கண்ணு...”

அவன் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார். எத்தனை வருடத்துக்குப் பிறகு அவனைக் கண்ணு என்கிறார் என்று அவருக்கே நினைவில்லை.

மகன் அதிரவில்லை. முடிச்சை இறுக்கினான்.

“தெரியும்ப்பா. தினம் மதியானம் ‘சாப்பிட்டியா’ன்னு கேட்கிற ஆளு அந்தக் கூட்டத்துல வேற யாரு? மத்தவங்க சொன்னப்ப பாதிதான் நம்பினேன். என்கிட்ட வாய்விட்டுச் சொல்ல முடியாததை நீங்க அங்க வந்து சொல்றீங்கன்னு புரிஞ்சப்பதான் முழுசா நம்பினேன்.”

அவன் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தான். சின்னப் பிள்ளையின் குரலில் கேட்டான்.

“அத்தனையுமா பொய், அப்பா?”

ஆமாம் என்று சொல்ல ஒரு நொடிகூட ஆகியிருக்கக் கூடாது.

ஆனது.

அந்த ஒரு நொடியை மகன் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.