எஸ்தரின் மீன்

பால் வடிகட்டும் சல்லடையை டைனா கிணற்றில் இறக்கியபோது அந்த ட்ரவுட் மீன் விலகி ஓடவில்லை.

கையைக் கண்டதும் மேலே வந்தது. தினமும் சைலஸ் புழு கொடுத்துப் பழக்கியிருந்தான்.

"வா, எஸ்தர்" என்றாள் டைனா.

எஸ்தர் சைலஸின் முதல் மனைவி. போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது.

அந்தப் பள்ளத்தாக்கில் எல்லா வீட்டுக் கிணற்றிலும் ஒரு ட்ரவுட் உண்டு. பூச்சிகளைத் தின்று குடிதண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கும். ஆனால் வேறெந்த வீட்டு ஆணும் மீனோடு பேசுவதில்லை.

சைலஸ் பேசுவான். ஈரக் கல்லில் மண்டியிட்டு, மெதுவாக, ஏதேதோ. டைனா சமையலறை ஜன்னலில் நின்று பார்ப்பாள். கல்யாணமான இந்த ஐந்து மாதத்தில் அவளிடம் ஒருமுறைகூட அவன் அந்தக் குரலில் பேசியதில்லை.

முந்தாநாள் வெண்ணெய் வாங்க வந்த அடுத்த பண்ணை பெக்கி, கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"எஸ்தர் விட்ட மீனு இன்னும் இருக்காடி? ஒன்பது வருஷமாச்சே! ஒரே வீட்டுல ரெண்டு பொண்டாட்டி, உன் புருஷன் கொடுத்துவச்சவன்தான்."

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். பொறுக்க முடியாதது கல்யாணத்தன்று நடந்தது.

சைலஸ் தேவாலயத்துக்குத் தாமதமாக வந்தான். கால்சட்டை முழங்கால்வரை ஈரம். பாதிரியார் கேட்டதற்கு, "கிணத்துல ஒரு சின்ன வேலை" என்றான். அவளுக்கு மோதிரம் மாட்டிவிட்ட அவன் விரல்கள் சில்லென்று இருந்தன.

அன்றைக்கும் எஸ்தரிடம் மண்டியிட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறான்.

கல்லில் ஒரே அடி.

பலகையில் போட்ட பிறகுதான் கவனித்தாள். ஒரு சாண்கூட இல்லை. தண்ணீருக்குள் எவ்வளவு பெரிதாகத் தெரிந்தது!

ஓட்ஸ் மாவில் புரட்டி, பன்றிக் கொழுப்பில் பொன்னிறமாக வறுத்தாள்.

மதியம் வயலிலிருந்து வந்த சைலஸ் கிணற்றடியில் கை கழுவினான். வெகுநேரம் குனிந்தே நின்றான். பிறகு உள்ளே வந்து தட்டைப் பார்த்தான்.

டைனா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கத்தட்டும். அடிக்கட்டும். இந்த வீட்டில் யார் இருப்பது என்று இன்றோடு தெரிந்துவிடட்டும்.

"எஸ்தர் மீனுதான். சாப்பிடுங்க" என்றாள்.

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். முகத்தில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது.

"எஸ்தரோட மீனா? அது அவளுக்கு முன்னாடியே செத்துப்போச்சே."

காலி வாளியை எடுத்துக்கொண்டு ஓடைப் பக்கம் இறங்கிப் போனான்.

தட்டில் கொழுப்பு உறைந்து வெளுத்தது. டைனா அதை எடுக்கவில்லை.

ஒரு மணிநேரம் கழித்து வாசலில் நிழல் விழுந்தது. வாளிக்குள் விரல் நீளத்தில் ஒரு ட்ரவுட் வட்டமடித்துக்கொண்டிருந்தது.

சைலஸின் கால்சட்டை, கல்யாணத்தன்று போலவே, முழங்கால்வரை நனைந்திருந்தது.