முதல் பக்கத்தில் கொலைகாரன்

எங்கே வாய் தவறி எதையாவது உளறிவிடுவோமோ என்று வார்டு ஆயாவுக்குப் பயம். ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றைச் சொல்லி மாட்டிக்கொள்வதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

இனி பிழைக்க மாட்டார்கள் என்று கைவிடப்பட்டவர்களின் வார்டு அது. நடுவில் புத்தகத் தள்ளுவண்டி. அதன் பக்கத்தில், புத்தகங்களை ஆஸ்பத்திரிக்கு நன்கொடையாகக் கொடுத்த பெரியவர். முகம் கடுகடுவென்று இருந்தது.

"பூட்டின ரூமுக்குள்ள கொலை, போலீஸ் விசாரணை, கூடவே இருந்து குழி பறிக்கிற சொந்தக்காரன்னு துப்பறியும் கதையில எத்தனை வகை உண்டோ அத்தனையும் தேடித் தேடி வாங்கினேன். எடுத்துப் பார்த்த ஒவ்வொண்ணுலயும் முதல் பக்கத்துலயே 'டாக்டர்', 'தோட்டக்காரன்', 'தங்கச்சி புருஷன்'னு கொலைகாரனை எழுதி வெச்சிருக்கான் ஒரு படுபாவி!"

நர்ஸ் தரையைப் பார்த்தாள்.

"வண்டி இந்த வார்டை விட்டு வெளியே போறதில்லை. அப்போ ஆளும் உள்ளதான் இருக்கணும். யாரு?"

"கண்டுபிடிச்சா தூக்குல போடுவீங்களா சார்?" என்றார் ஜன்னலோரக் கட்டில்காரர். "நாங்க எல்லாருமே ஏற்கனவே வரிசையில நிக்கிறவங்கதான்." இருமல் அவரை மேலே பேச விடவில்லை.

பெரியவர் சிரிக்கவில்லை. பார்வை ஆயா மேல் வந்து நின்றது.

"வண்டியைத் தள்றது நீதானேம்மா? உனக்குத் தெரியாம இருக்காது. சொல்றியா, இல்ல மேலே புகார் கொடுக்கட்டுமா?"

ஆயாவுக்கு இது கான்ட்ராக்ட் வேலை. ஒரு புகார் போனால் போதும், நாளைக்கே துடைப்பம் வேறொருத்தி கையில் இருக்கும்.

மூலைக் கட்டில் காலியாக இருந்தது. காலையில்தான் அதில் கிடந்த டிரைவரின் உடம்பைக் கொண்டுபோனார்கள். அவர் மனைவி அங்கே துணிமணிகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தாள்.

ஆயாவின் விரல் அந்தப் பக்கம் நீண்டது.

"அ... அவருதாங்க. காலையில போயிட்டாரே, அவருதான் எழுதினாரு."

மனைவியின் கை அப்படியே நின்றது.

"உங்க வீட்டுக்காரரா?" என்றார் பெரியவர்.

அவள் ஆயாவையே பார்த்தாள்.

"ஆமாங்க. அவருதான். மன்னிச்சிடுங்க" என்று கைகூப்பினாள்.

"நினைச்சேன்! செத்தவங்களைப் பத்திப் பேசக் கூடாது. இருந்தாலும் அடுத்தவன் சந்தோஷத்தைக் கெடுக்கிற புத்தி சிலருக்குக் கூடவே பொறந்துடுது."

துப்புத் துலக்கிய திருப்தியோடு பெரியவர் கிளம்பினார்.

டிரைவருக்குக் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. பக்கத்தைப் புரட்டிக் கொடுத்ததே ஆயாதான். பெரியவரைத் தவிர அந்த வார்டில் எல்லாருக்கும் அது தெரியும்.

பையோடு வெளியே வந்த மனைவி, ஆயா பக்கத்தில் நின்றாள்.

"கதை முடியறதுக்குள்ள போயிடுவேனோன்னு தூங்காமக் கிடந்தாரு, அக்கா. நீங்க எழுத்துக் கூட்டிக் கடைசிப் பக்கத்தைப் படிச்சுச் சொன்னப்புறம்தான் தூங்கினாரு. 'கொலைகாரனை முதல்லயே சொல்லிட்டு, அவன் எப்படி மாட்டுறான்னு காட்டுறதும் ஒரு வகைக் கதைதான். நம்ம வார்டுக்கு அதுதான் சரி. எல்லாத்துலயும் எழுதி வைக்க ஆயாம்மாகிட்ட சொல்லியிருக்கேன்'னு சிரிச்சாரு."

ஆயா அவள் கையைப் பிடிக்கப் போனாள்.

"விடுங்க. அவருக்கு இனிமே வேலை போகாது. உங்களுக்குப் போகும்."

அவள் படியிறங்கிப் போனாள். வாசல் வரைக்கும்கூட ஆயா கூடப் போகவில்லை. யாராவது பார்த்துவிட்டால்?

சாயங்காலம் ஜன்னலோரக் கட்டில்காரர் ஒரு தடித்த புத்தகத்தை மார்பில் வைத்துக்கொண்டு கூப்பிட்டார்.

"ஆயாம்மா, இதுல ஒண்ணும் எழுதலையே. பாதிகூட நான் தாண்ட மாட்டேன். யாருன்னு மட்டும் பார்த்துச் சொல்லிடேன்."

ஆயா கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க" என்றாள்.