மூன்றாவது ஜோடி

"கட்டு லூசா இருக்குது. இன்னும் இறுக்குப்பா" என்றார் வீரபாகு. கண்ணைச் சுற்றி இரட்டை மடிப்பாகத் துண்டு கட்டி, பத்துக்கு எட்டு அறையின் நடுவே நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

பயப்பட வேண்டாம், யாரும் அவரைக் கடத்திக்கொண்டு போகவில்லை. சொந்த வீடு, சொந்தத் துண்டு. மனுஷன் ஸ்பீக்கர் வாங்குகிறார், அவ்வளவுதான்.

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் அவருக்குத் தரம் பார்க்கும் வேலை. கண்ணை மூடிக்கொண்டு சேலையின் ஓரத்தைக் கட்டைவிரலால் ஒரு தேய் தேய்த்தால் போதும், அசல் பட்டா கலப்பா என்று சொல்லிவிடுவார். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. காதுக்கும் அதே முறைதான். பெட்டியைப் பார்த்தால் காது ஏமாந்துவிடும் என்பது அவர் கட்சி.

ஆறு மாதத்துக்கு முன்னால் ஆசை ஆசையாக, பல்பு மாதிரி எரிந்து சூடேறும் வால்வு வைத்த பழைய பாணி ஆம்ப்ளிஃபையர் ஒன்று வாங்கினார். அன்று முதல் எந்த ஸ்பீக்கரும் அதற்குப் பொருந்தவில்லை. அதாவது, இவருக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்காரி சங்கரியோ ஹாலில் ஒன்பது பெண்களுக்கு ஆரி எம்பிராய்டரி கற்றுக்கொடுக்கிறாள். துணி மாட்டிய ஸ்டாண்டுகளுக்கு நடுவே சமையல்கட்டுக்குப் போக வழியில்லை.

"இன்னிக்கு சாயங்காலம் ஆறு மணிதான் கெடு. அதுக்குள்ள ஸ்பீக்கர் அமையலன்னா உங்க செட்டு பரணுக்கு, ரூம் எனக்கு" என்று காலையிலேயே சொல்லிவிட்டாள். வீரபாகுவுக்கு மத்தியானச் சாப்பாடே இறங்கவில்லை.

சென்னையிலிருந்து வேனில் மூன்று ஜோடி ஸ்பீக்கர் கொண்டுவந்திருந்தான் கடைக்கார ஜோசுவா. முதல் ஜோடி நெஞ்சு உயரம் இருந்தது. நாகஸ்வர ரெக்கார்டு சுழல ஆரம்பித்து அரை நிமிஷம் ஆகவில்லை.

"நாயனக்காரருக்கு ஜொரமா? மூச்சே வரலையே" என்றார் வீரபாகு.

"சார், உங்க ஆம்ப் எட்டு வாட்ஸ்தான். இவ்ளோ பெரிய ஸ்பீக்கர அது இழுக்காதுன்னு நான் போன்லயே சொன்னேன்."

"வேணாம். அடுத்தது."

இரண்டாவது ஜோடி நடுத்தரம். ஆனால் அறை சின்னது. சுவரோடு ஒட்டி வைத்ததில் தவில் ஓசை கும்மென்று அடைத்துக்கொண்டது.

"தவுலு வாசிக்கிறாங்களா, மெத்தைய அடிச்சுத் தூசு தட்டுறாங்களா?"

"சுவத்த விட்டு ரெண்டடி முன்னால இழுத்தா சரியாப் பூடும் சார்."

"ரெண்டடி இழுத்தா என் மடியிலதான் வெக்கணும். இதுவும் வேணாம்."

வால்வு சூட்டில் அறை வெந்துகொண்டிருந்தது. கோலமாவுக் கையோடு உள்ளே வந்த சங்கரி தெருப்பக்கத்து ஜன்னலைத் திறந்துவிட்டாள். "அஞ்சே முக்கால் ஆவுதுங்க" என்று ஞாபகப்படுத்திவிட்டுப் போனாள்.

வீரபாகு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஜோசுவா, மிச்சம் என்னப்பா இருக்குது?"

"ஒரே ஒரு ஜோடி சார். சின்னப் பெட்டி. கம்மி வாட்ஸ்லயே கணீர்னு பேசும். இந்த மாதிரி ரூமுக்குன்னே செஞ்சது. கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க." கெஞ்சாத குறைதான்.

"கேக்கறேன். ஆனா நான் முடிவு சொல்ற வரைக்கும் நீ வாயத் தொறக்கக் கூடாது. நீ நடுவுல நடுவுல பேசித்தான் என் காதக் கெடுக்கிற." துண்டைத் தானே ஒரு தரம் இறுக்கிக்கொண்டு காத்திருந்தார்.

அட்டைப்பெட்டி கிழிந்தது. எதையோ திருகும் சத்தம் வந்தது. கொஞ்ச நேரத்தில் நாகஸ்வரம் கேட்டது.

வீரபாகு தலையைச் சாய்த்தார். "ரெக்கார்ட மாத்திட்டியா? பரவால்ல. ஆனா சவுண்டு எங்கயோ நாலு வூடு தள்ளிக் கேக்குது பாரு. இத நான் இங்க குந்திக்கினு கேக்கணுமா?"

"சார்..."

"பேசாத."

ஜோசுவா ஒயரும் கையுமாக நின்றான். வீரபாகுவின் முகம் போகப் போகச் சுளித்தது.

"சத்தம் ஏறிக்கினே போவுது. வால்யூமத் தொடாதன்னு எத்தினி வாட்டி சொல்றது? தவுலு தகர டப்பாவாட்டம் இருக்குது, நாயனத்துல ஒரே பிசிறு. இடது பக்கம் இருந்தது நகந்து நகந்து இப்ப நடுவுல வந்து நின்னுக்கிச்சு. இது என்னா ஸ்டீரியோ?"

சங்கரி அறை வாசலில் வந்து நின்றாள். ஒரு பார்வையில் ஜோசுவாவையும் புருஷனையும் பார்த்துவிட்டு, நிதானமாகக் கேட்டாள். "என்னாங்க, அமைஞ்சுதா?"

வீரபாகுவுக்கு நிஜமாகவே துக்கம் பொங்கியது. ஆறு மாத ஆசை. இருந்தாலும் கொள்கையை விட முடியுமா?

"அம்பது வருஷமா கோயில்ல நின்னு நாயனம் கேட்ட காது சங்கரி இது. நெசம் எது போலி எதுன்னு எனக்குத் தெரியாதா? இது சுத்தப் போலி. இதக் கேக்கறதுக்கு செட்ட பரண்லயே போட்டுடலாம். ரூம நீயே எடுத்துக்க."

"அப்புறம் பேச்சு மாற மாட்டீங்களே?"

"சொன்னா சொன்னதுதான்."

சங்கரி திரும்பினாள். "ஜோசுவா, நீ இனிமே ஒயர மாட்ட வேணாம்பா. வாசல்ல மேளத்தோட சாமி வந்துருக்குது."