ஆளுக்கு நூறு

பில் கவுண்டரில் பென்னி மூன்றாவது முறையும் ரகசிய எண்ணைத் தட்டினான். பணம் போகவில்லை.

உள்ளே அவனுடைய கூட்டாளி சாம்சன் கிடந்தான். பிரஸ் மெஷினில் சிக்கிய வலது கை. முன்பணம் கட்டினால்தான் ஆபரேஷன், நேரம் கடந்தால் கையை எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார்.

சாம்சனின் மனைவி ஆரோக்கியமேரி பென்னியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பணம் இல்லாமல் இல்லை. கும்மிடிப்பூண்டி கம்பெனிகளில் யாருக்காவது அடிபட்டால், நம்பகமான ஒருவனுடைய நம்பருக்கு ஆளுக்கு நூறு அனுப்பிவிடுவார்கள். இன்று அந்த ஒருவன் பென்னி. பக்கத்து கம்பெனிக்காரர்கள், பெயர்கூடத் தெரியாத பீகார் பையன்கள் என்று எல்லோரும் அனுப்பியிருந்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் வந்து குவிந்துவிட்டது.

அதுதான் வினையாகிப் போனது.

பேங்குக்குப் போன் போட்டான். அந்தப் பெண் பொறுமையாகத்தான் விளக்கினாள். நாடு முழுக்க யார் யாருக்கு எவ்வளவு அனுப்புகிறார்கள் என்பதையெல்லாம் மைய வங்கி கம்ப்யூட்டருக்குப் புகட்டி, திருட்டுப் பணம் கைமாறும் கணக்குகளைக் கண்டுபிடிக்கப் பழக்கியிருக்கிறதாம். முன்பின் தொடர்பில்லாத நூற்றுக்கணக்கானவர்கள் ஒருவனுக்குச் சில்லறையாக அனுப்ப, அவன் மொத்தத்தையும் ஒரே மூச்சில் வெளியே தள்ளினால், அவன் திருடர்களின் ஆளாம். கணக்கை முடக்கிவிடுவார்களாம். நேரில் வந்து விளக்கம் கொடுத்தால் பத்து நாளில் பார்ப்பார்களாம்.

கோடிக்கணக்கான கணக்குகளைக் கரைத்துக் குடித்த அந்தப் பாழாய்ப்போன கம்ப்யூட்டருக்கு, அடிபட்டவனுக்காக ஆளுக்கு நூறு போடுவார்கள் என்பது மட்டும் தெரியவில்லை.

மாதக் கடைசி. இன்னொரு நூறு எவனிடமும் இருக்காது. பென்னிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் அவர்களைக் கம்பெனியில் வேலைக்கு விட்ட காண்ட்ராக்டர் தணிகாசலம் வந்தார். கையில் ஜவுளிக்கடைப் பை. பை நிறைய நோட்டு.

"இந்தாம்மா, கட்டு. போலீஸ் வந்து கேட்டா மட்டும் பைக்லேர்ந்து வுழுந்துட்டாருன்னு சொல்லிடு. கம்பெனி பேரே வரக்கூடாது, இன்னா?"

கம்பெனி பேர் வராவிட்டால் நஷ்டஈடும் வராது. ஆரோக்கியமேரிக்கு அது தெரியாமல் இல்லை. ஆபரேஷன் அறைக் கதவை ஒருமுறை பார்த்தாள். பையை வாங்கிக்கொண்டு கவுண்டருக்குப் போனாள்.

"அக்கவுண்ட் முடங்கினத நான் இன்னும் யாராண்டயும் சொல்லலியே. ஒங்களுக்கு எப்டிண்ணா தெரியும்?" என்று கேட்டான் பென்னி.

"மீஞ்சூர் சைட்ல ஒருத்தனுக்கு வசூல் பண்ணப்பவும் இப்டித்தாம்ப்பா ஆச்சு" என்றார் அவர், சர்வசாதாரணமாக.

பென்னிக்கு அப்போதுதான் உறைத்தது. காலையில் மெஷினடியில் ரத்தம் காய்வதற்குள், எல்லோரும் பென்னி நம்பருக்கே போடுங்கள், இப்போதே போடுங்கள் என்று முதலில் குரல் கொடுத்தவர் தணிகாசலம்தான்.

முதல் நூறும் அவருடையதுதான்.