கைநாட்டு இல்லாத பக்கம்

"இன்னொரு வருஷம் இவ ஒண்ணாம் வகுப்பிலேயே இருக்கட்டும். இதுல ஒரு கைநாட்டு வெச்சிட்டுப் போகச் சொல்லுங்க."

தெங் டீச்சர் சம்மதக் காகிதத்தை மேஜையில் நகர்த்தினாள். எதிரே ஊஜியாவின் அம்மா அனியூ, முதுகிலிருந்த உருளைக்கிழங்கு மூட்டையைக்கூட இறக்காமல் நின்றிருந்தாள். சீனத்து மலையில் பிறந்து வளர்ந்தவள். மலைவாழ் மக்களின் யீ மொழி மட்டும்தான் தெரியும். டீச்சருக்குப் பள்ளியில் சொல்லித்தரும் மாண்டரின் சீனம் மட்டும்தான். இரண்டுக்கும் நடுவில் பள்ளிச் சமையல்காரர் லாஹா, கையில் கரண்டியோடு மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஏன்னு கேக்கறாங்க, டீச்சர்."

"கல்லை மெல்லற மாதிரி வாசிக்கறா. பேசினாலும் தலைகீழ். மாண்டரின்ல 'நான் தின்னேன் கிழங்கு'ன்னு சொல்லணும். இவ 'நான் கிழங்கு தின்னேன்'ங்கறா!"

"எங்க பாஷையில அப்படித்தான் டீச்சர். முதல்ல கிழங்கு கைக்கு வரணும், அப்புறம்தானே திங்கறது!"

டீச்சர் சிரிக்கவில்லை. ஒரு வருஷமாகத் தொண்டை வறள வறளக் கற்றுக்கொடுத்தவள் அவள்.

ஊஜியா கதவோரமாக நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய சிநேகிதிகள் எல்லாரும் செப்டம்பரில் பள்ளி திறந்ததும் மாடிக்கு, இரண்டாம் வகுப்புக்குப் போய்விடுவார்கள்.

டீச்சர் வீட்டுப்பாட நோட்டை எடுத்தாள். தினமும் பாடத்தை வீட்டில் மூன்று தடவை உரக்க வாசிக்க வேண்டும். கேட்ட பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். மறுநாள் வகுப்பில் நன்றாக வாசித்தால், டீச்சர் அந்தப் பக்கத்தில் ஒரு சிவப்புக் காகிதப் பூ ஒட்டுவாள். வீட்டிலும் மாண்டரின் பேசுகிற கடைத்தெருப் பிள்ளைகளின் நோட்டெல்லாம் பூத்துக் குலுங்கும். ஊஜியாவின் நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் அடுப்புக்கரி தொட்டு வைத்த கட்டைவிரல் ரேகைதான்.

"இவங்களுக்கு ஒரு எழுத்து தெரியாது. பொண்ணு சரியா வாசிச்சாளான்னு எப்படித் தெரியும்? கண்ணை மூடிக்கிட்டுக் கைநாட்டு வெச்சே பொண்ணு படிப்பைக் கெடுத்துட்டாங்க. அப்படியே சொல்லுங்க, மழுப்பாதீங்க!"

லாஹா தயங்கித் தயங்கிச் சொன்னார். அனியூவின் முகம் சிவந்தது. மூட்டையைத் தொப்பென்று இறக்கிவிட்டுப் படபடவென்று பேசினாள்.

"என்னவாம்?"

"கண்ணை மூடிக்கிட்டு வெக்கலையாம். வாசிச்சு முடிச்சதும், 'இதுல என்னடி இருக்கு, நம்ம பாஷையில சொல்லு'ன்னு கேப்பாங்களாம். சொன்னாத்தான் விரல் வெப்பாங்களாம். சந்தேகமா இருந்தா நீங்களே கேட்டுப் பாருங்கங்கறாங்க."

டீச்சர் ஏதோ ஒரு பக்கத்தைப் பிரித்தாள். ஆப்பிள் சுமந்து போகும் முள்ளம்பன்றியின் கதை.

ஊஜியா முதலில் முனகினாள். பிறகு முதுகை வளைத்தாள், முள்ளைச் சிலிர்த்தாள், சரிவில் உருண்டாள், நரியாகிப் பல்லை இளித்தாள். லாஹா மொழிபெயர்க்க மறந்து, "அப்புறம்?" என்றார்.

டீச்சருக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. கதையில் ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. பூவாக வாங்கிக் குவித்த பிள்ளைகள் இப்படிச் சொல்வார்களா? அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

இருந்தாலும் விட மனமில்லை. நோட்டைப் புரட்டியவளுக்குக் கைநாட்டு இல்லாத ஒரு பக்கம் கண்ணில் பட்டது.

"அப்போ இது? அன்னைக்கு மட்டும் வீட்டுல வாசிக்கலையா?"

ஊஜியா தலையைக் குனிந்துகொண்டாள். அனியூ சொல்லச் சொல்ல லாஹாவின் குரலும் இறங்கியது.

"அன்னைக்குத்தான் தண்ணி ஓடற மாதிரி வாசிச்சாளாம். ஆனா, என்ன இருக்குன்னு கேட்டா முழிச்சாளாம். மத்த பிள்ளைங்க வாசிச்சதைக் கேட்டு, சத்தத்தை மட்டும் அப்படியே மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கா. 'உனக்கே புரியாததுக்கு நான் எப்படி விரல் வெப்பேன்?'னு சொல்லிட்டாங்களாம். அழுதாளாம். அப்பவும் வெக்கலையாம்."

டீச்சர் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பெண்ணுக்கு யார் டீச்சர் என்று ஒரு நிமிஷம் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

சம்மதக் காகிதத்தை எடுத்து நான்காகக் கிழித்தாள்.

ஊஜியாவின் நோட்டு முழுவதற்கும் டீச்சர் ஒட்டியிருந்த ஒரே ஒரு சிவப்புப் பூ, அந்தப் பக்கத்தில்தான் இருந்தது.